பனிக்கட்டியில் ஓடியவளின் பக்கத்துக் கட்டில்

ஒரு காலில் செருப்பு இல்லை என்பதை நான் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். திருகோணமலைத் துறைமுகத்தடியில் ஒரு கப்பல் முகவர் கந்தோரில் அப்போது தட்டெழுத்து வேலை எனக்கு. பாலையூற்றிலிருந்து பஸ்ஸில் வந்து, இறங்கி நடந்து, கதிரையில் இருந்து, டைப்ரைட்டரின் மூடியைக் கழற்றிவிட்டுக் குனிந்தால் இடது கால் வெறுங்கால். செருப்பு எங்கே கழன்றதென்று தெரியவில்லை. தார் றோட்டின் சூடுகூட அந்தப் பாதத்துக்குத் தெரியவில்லை. பக்கத்து மேசைக்காரர் சிரித்தார். நானும் சிரித்தேன். மத்தியானம் கந்தோர்ப் படியில் இறங்கும்போது இரண்டு முழங்கால்களும் ஒன்றாக மடிந்தன. அதோடு சிரிப்பு நின்றது.

ஆஸ்பத்திரிக்கு என்னைத் தூக்கிக்கொண்டுதான் போனார்கள். என் கணவர் யோசேப்பு சீனன்குடா எண்ணெய்க் குதங்களில் ஃபிட்டராக வேலை செய்தவர். செய்தி போனதும் எண்ணெய்க் கறை படிந்த உடுப்போடேயே சைக்கிளில் வந்து சேர்ந்தார். பெரிய டொக்டர் ஒரு ரப்பர் சுத்தியலால் என் முழங்காலுக்குக் கீழே தட்டினார். நல்ல ஆளுக்குக் கால் துள்ளும். என் கால் மரக்கட்டைபோலக் கிடந்தது. மற்றக் காலும் அப்படித்தான்.

"கிட்டடியில ஏதும் காய்ச்சல், வயித்தோட்டம் வந்ததோ?" என்று கேட்டார்.

வந்தது. இரண்டு கிழமைக்கு முன்னர் மூன்று நாள் வயிற்றோட்டத்தில் கிடந்து, சுகமாகி, அதை மறந்தும் போயிருந்தேன். அவர் தலையாட்டினார். அடுத்த நாள் என்னை ஒருபக்கமாகச் சுருட்டிப் படுக்கவைத்து, முள்ளந்தண்டின் எலும்புகளுக்கு நடுவே ஊசி ஏற்றி, உள்ளே ஓடும் நீரைச் சில துளிகள் எடுத்தார்கள். சொல்லக் கேட்டால் பயங்கரம். உண்மையில் நோவைவிடக் குளிர்தான் நினைவிருக்கிறது, முதுகில் பூசிய மருந்தின் குளிர். அந்த நீரைப் பரிசோதித்துப் பார்த்துவிட்டு டொக்டர் எங்கள் இருவருக்கும் விளங்கப்படுத்தினார். நோய்க்கு இரண்டு பிரெஞ்சு டொக்டர்களின் பெயரைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். அதை இன்றைக்கும் என்னால் பிழையில்லாமல் தட்டெழுத முடியும். வாயால் சொல்ல வராது.

"உடம்பைக் காக்கிற படை ஒண்டு எல்லாருக்கும் இருக்கு," என்றார் டொக்டர். "அது உங்கட வயித்து வருத்தத்தோட சண்டை பிடிச்சு வெண்டிட்டுது. வெண்ட பிறகும் ஆயுதத்தைக் கீழ வைக்கேல்ல. இப்ப நரம்புக்கு மேல இருக்கிற உறையைப் பகை எண்டு நினைச்சுக் கடிக்குது."

யோசேப்பு யோசித்தார். "வயர் நல்லா இருக்கு, மேல ரப்பர் உரிஞ்சு போச்சு. அப்பிடியோ டொக்டர்?"

"அப்பிடியேதான்."

"ரப்பர் திரும்ப வளருமோ?"

"வளரும். மெல்ல மெல்ல வளரும். ஆனா அதுக்கு முதல் இந்த வருத்தம் காலில இருந்து மேல ஏறும். எவ்வளவு தூரம் ஏறும் எண்டு சொல்ல ஏலாது. நெஞ்சுக்கு வந்தால்தான் கரைச்சல். மூச்சுவிடுற தசையும் சோந்திடும்."

அதனால் ஒவ்வொரு நாள் காலையும் அவர் என் கட்டிலடியில் நின்று, நன்றாக மூச்சை இழுத்து ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்வார். எத்தனை வரை போகிறது என்று பார்ப்பார். குறைந்துகொண்டே போனால் கண்டிக்கு அனுப்பவேண்டும். மூச்சுவிடும் யந்திரம் அங்கேதான் இருந்தது. முதல் மூன்று நாளும் எண்ணிக்கை குறைந்தது. இடுப்புவரை உடம்பு என்னுடையதல்ல. கைவிரல்களும் கூசத் தொடங்கின. இரவுகளில் நித்திரை கொண்டால் மூச்சுவிட மறந்துபோவேனோ என்ற பயத்தில் விழித்துக் கிடந்தேன். அவ்வளவுதான் அந்த இரவுகளைப் பற்றிச் சொல்ல இருக்கிறது.

என் வலப்பக்கக் கட்டிலில் கிண்ணியாவிலிருந்து வந்த ஆயிஷா உம்மா. சீனி வருத்தக்காரி. குதிக்காலில் பட்ட சிறு காயம் ஆறாமல் பெரும் புண்ணாகி, மருந்து கட்ட வந்திருந்தா. கணவர் மீன் யாவாரி. ஆள் பருமன், குரல் அதைவிடப் பருமன். இடப்பக்கக் கட்டில் வெறுமையாக இருந்தது. நான்காம் நாள் அதற்கு ஆள் வந்தது.

நான்கு மாலுமிகள் ஒரு ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அதன்மேல் ஒரு வெள்ளைக்காரப் பெண், கால் முழங்காலுக்குக் கீழே வீங்கி நீலம் பாரித்து. முகம் நோவில் வெளிறியிருந்தாலும் கண்கள் வாட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தன. எஞ்சின் பழுதாகித் துறைமுகத்தில் நங்கூரமிட்டிருந்த ஒல்லாந்துக் கப்பலொன்றின் இரண்டாம் எஞ்சினியருடைய மனைவி. கணவரோடு கூடவே பயணம் வந்தவள், கப்பல் ஏணியில் வழுக்கிக் கணுக்காலுக்கு மேலே எலும்பை உடைத்துக்கொண்டாள். மாவுக்கட்டுப் போட்டுக் கட்டிலில் கிடத்தினார்கள். அந்த நேரம் பார்த்து எங்கள் வாட்டின் அட்டெண்டன் யாரிடமோ, "கக்கூஸ் சாவி எங்க?" என்று கத்தினா.

வெள்ளைக்காரி சட்டென்று தலையை உயர்த்தினாள். பிறகு விழுந்து விழுந்து சிரித்தாள். கால் நோக, கண்ணீர் வரச் சிரித்தாள். நான் ஆங்கிலத்தில் என்னவென்று கேட்டேன்.

"கக்கூஸ், அது எங்களுடைய சொல்! என் அப்பா வீட்டில் அப்படித்தான் சொல்வார், அம்மா திட்டுவா!" என்றாள்.

அன்று மாலைக்குள் அவளுக்குக் கந்தோர், கோப்பி என்று அவர்கள் மொழியிலிருந்து எங்களிடம் வந்த சொற்களை நான் ஒவ்வொன்றாகச் சொல்ல, ஒவ்வொன்றுக்கும் கைதட்டினாள். பெயர் கேட்டேன். மரைக்க என்றாள். இதைக் கேட்டதும் ஆயிஷா உம்மா கட்டிலில் எழும்பி இருந்துவிட்டா.

"மரைக்காரா? நம்மட பள்ளிவாசலுக்கு மரைக்கார் இரிக்கார். இவ நம்மட ஆளா புள்ள?"

"இல்லை உம்மா, ஒல்லாந்துக்காரி."

"ஒல்லாந்தா? அவங்கட ஆக்கள் கட்டின கோட்டை இன்னமும் நிக்கிதே. அதப் பாக்க வந்து கால முறிச்சிக்கிட்டாளா?"

அன்றிலிருந்து அவள் எங்கள் எல்லோருக்கும் மரைக்கா. நான் நடுவில் கிடந்து மொழிபெயர்ப்பாளர் ஆனேன்.

என்ன வேலை செய்கிறீர்கள் என்று உம்மா கேட்கச் சொன்னா. தபால் கொடுப்பது, சைக்கிளில், என்றாள் மரைக்கா. பிறகு, கொஞ்சம் வெட்கப்பட்டவள்போல, "ஐஸில் ஓடுவேன். எங்கள் நாட்டில் இரண்டு தடவை சாம்பியன்," என்றாள்.

இதை நான் தமிழில் சொன்னதும் வாட்டில் ஒருவருக்கும் விளங்கவில்லை. எங்களுக்கு ஐஸ் என்றால் மீன்பெட்டிக்குள் உமியோடு கிடப்பது. அதன்மேல் மனிசர் ஓடுவதா? உம்மா, "வழுக்கி விழுந்திருவாங்களே," என்றா.

"சொல்லுங்கள் அவவிடம்," என்றாள் மரைக்கா. "அதுதான் விளையாட்டே!"

மரைக்காவின் கதையை மத்தியானங்களில்தான் கேட்டோம். வெளியே வெயில் கொளுத்தும், மேலே காற்றாடி கிரீச்சிடும், அவள் உறைந்துபோன வாய்க்கால்களைப் பற்றிச் சொல்வாள். அவள் ஊரில் கடுங்குளிர் காலத்தில் வாய்க்கால் கல்லாகிவிடும். குசினிக் கதிரை ஒன்றை முன்னால் தள்ளிக்கொண்டு, கத்தி வைத்த சப்பாத்தோடு பிள்ளைகள் சறுக்கப் பழகுவார்கள். அவள் நன்றாகப் பழகினாள். ஆனால் பெரிய மைதானத்தில் நீண்ட தூரம் ஓட விட்ட பயிற்சியாளர், உன் கால் கட்டை, உனக்குச் சரிவராது என்று அனுப்பிவிட்டார். அழுதுகொண்டு வந்தவளை ஒரு தோழி, கூரை போட்ட மண்டபமொன்றுக்குள் இருந்த சின்ன ஐஸ் தளத்துக்குக் கூட்டிப்போனாள். அங்கே ஓடுபாதை குறுகியது, வளைவு முழங்கை மடிந்தாற்போல. நேரத்தோடு போட்டி இல்லை, ஆளோடு ஆள். நாலைந்து பேர் ஒன்றாகப் புறப்பட்டு ஒரே பாதையில் நெருக்கியடித்துக்கொண்டு ஓடவேண்டும். எப்போதும் இடப்பக்கமாகவே திரும்புவார்கள். வளைவில் உடம்பு சாய்ந்து, இடதுகை விரல் நுனி ஐஸைத் தடவிக்கொண்டு போகும். விழுந்தால் சுவரோரம் அடுக்கிய மெத்தைகளில் போய் மோதவேண்டியதுதான்.

"கட்டைக் கால்தான் அங்கே நல்லது!" என்றாள் மரைக்கா.

காலையில் தபால் கொடுப்பாள், மாலையில் ஓடுவாள். அந்த ஓட்டத்தை அவள் நாட்டிலேயே கனபேர் அறியமாட்டார்கள். முதல் தடவை தேசியப் போட்டியில் கடைசிச் சுற்றில் முன்னால் போய்க்கொண்டிருந்தபோது, பின்னால் யார் வருகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தாள். அவ்வளவுதான், மெத்தைக்குள் கிடந்தாள். அடுத்த வருடம் திரும்பிப் பார்க்கவேயில்லை, சாம்பியன் ஆனாள். பரிசு ஒரு கோப்பிக் கேத்தல். பத்திரிகையில் இரண்டு வரி. பிறகு இன்னொருத்தியின் கத்தி தொடையைக் கிழித்தது. இனி ஓடவேண்டாம் என்றார்கள். தையல் பிரித்ததும் போய் ஓடினாள். இரண்டாம் தடவையும் வென்றாள். தொடைத் தழும்பை அவள் காட்ட, உம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "அல்லாட காவல்! இதுக்கு ஒரு கேத்தலா குடுத்தாங்க?" என்று கொதித்துப்போனா.

மரைக்காவுக்கும் பயம் ஒன்று இருந்தது. வருகிற குளிர்காலத்தில் இன்னுமொரு தேசியப் போட்டி. வயது முப்பத்தைந்தை எட்டிவிட்டது. அதுதான் அவளுடைய கடைசி ஓட்டம். எலும்பு நேராகப் பொருந்துமா என்பது மாவுக்கட்டை வெட்டிப் படம் எடுத்தால்தான் தெரியும்.

அவள் வந்த மறுநாள் காலை டொக்டர் வந்து எண்ணச் சொன்னபோது நான் முந்தைய நாளைவிடக் குறைவாகவே எண்ணினேன். "நாளைக்கும் இறங்கினா கண்டிக்கு அனுப்பிறதுதான் நல்லம்," என்று அவர் யோசேப்பிடம் மெதுவாகச் சொன்னது எனக்குக் கேட்டுவிட்டது. யோசேப்பு சரி என்றார். கொண்டுவந்த இடியப்பத்தையும் சொதியையும் பிசைந்து எனக்கு ஊட்டினார். பிறகு ஒரு வாளியில் இளஞ்சூட்டு வெந்நீர் கேட்டு வாங்கி, கட்டில் தலைமாட்டில் என் தலையைத் தொங்கவிட்டு, சீயக்காய் வைத்து முடியைக் கழுவினார். ஏழு வருடக் கலியாண வாழ்க்கையில் அவர் என் முடியைத் தொட்டுக் கழுவியது அதுதான் முதல். "கண்டிக்குப் போறதெண்டாலும் வடிவாப் போகவேணும்," என்றார். நான் அழுதேன். அவர் அதைச் சீயக்காய் என்று சொல்லிச் சமாளித்தார்.

அடுத்த நாள் டொக்டர் வந்து நின்றார். நான் மூச்சை இழுத்து எண்ணத் தொடங்கினேன். மரைக்கா கட்டில் சட்டத்தில் கையால் தட்டிக்கொண்டு தன் மொழியில் கூடவே எண்ணினாள். அதைக் கேட்டு உம்மா தமிழில் தொடங்கினா. பிறகு எதிர்வரிசைக் கட்டில்கள். முழு வாட்டும் எண்ணியது. முந்தைய நாள் நின்ற இடம் வந்தது. அங்கேயே என் மூச்சும் முடிந்தது. நான் டொக்டரைப் பார்த்தேன்.

"நேற்றையமாதிரியேதான்," என்றார். "குறையேல்ல."

அதற்கடுத்த நாள் இரண்டு கூடியது.

"வருத்தம் ஏறினது நிண்டிட்டுது பிள்ளை," என்றார் டொக்டர். "இனி இறங்கும்."

வாட்டில் எழுந்த சத்தத்துக்கு, மிஸ்ஸி என்று நாங்கள் கூப்பிடும் தாதி ஓடிவந்தா, யாரோ செத்துப்போனார்கள் என்று நினைத்து.

அந்தச் சந்தோஷத்தில்தான் உம்மாவின் கணவர் ஐஸ் கொண்டுவந்தார். உம்மா முதல்நாள் அவரிடம் சொல்லியிருக்கிறா: நம்மட மரைக்கா ஐஸ் இல்லாமல் வாடிப்போய்க் கிடக்கிறாள், ஒரு கட்டி கொண்டாங்க என்று. சாக்கில் சுற்றிய பெரிய கட்டியைத் தோளில் சுமந்து, நீர் சொட்டச் சொட்ட வாட்டுக்குள் வந்து நின்றார். மரைக்கா அதை இரண்டு கையாலும் தடவினாள். கன்னத்தை வைத்தாள். உடனே முகத்தைச் சுளித்தாள்.

"மீன் நாற்றம்!"

"பாரக்குட்டி," என்றார் அவர் பெருமையாக.

மிஸ்ஸி இல்லாத சமயம் பார்த்துச் சாப்பாட்டுக் கத்தி ஒன்றை எடுத்து, அந்தக் கட்டியின் மேல் சப்பாத்துக் கத்தி எப்படி நிற்கும், வளைவில் எப்படிச் சாயும் என்று மரைக்கா வெட்டி வெட்டிக் காட்டினாள். நாங்கள் எல்லோரும் கழுத்தை நீட்டிப் பார்த்தோம். பிறகு ஆளுக்கொரு துண்டு. உம்மா தன் துண்டைத் தலையில் வைத்துக்கொண்டா. எனக்கு மரைக்கா ஒரு துண்டை உள்ளங்காலில் வைத்தாள்.

"என்ன தெரிகிறது?"

ஒன்றுமில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "குளிருது," என்றேன். குளிர்ந்தது. எங்கோ தூரத்தில் யாருடைய காலிலோ குளிர்வதுபோல, ஆனால் என் காலில்.

உணர்வு இறங்கி வந்தது. வந்த வழியே திரும்பிப் போனது வருத்தம். நிற்கப் பழகியபோது என் கால்கள் வேகவைத்த மரவள்ளிபோல இருந்தன. இரண்டு பேர் பிடித்தாலும் மடிந்தேன். மரைக்கா ஊன்றுகோலோடு வந்து, வாட்டு மூலையிலிருந்த கனமான மரக்கதிரையை என் முன்னால் இழுத்துவிட்டாள். "எங்கள் ஊரில் எல்லோரும் இப்படித்தான் தொடங்குவோம். முதுகை நேராக்காதே. குனி. முழங்காலை மடித்து வைத்தே தள்ளு," என்றாள். டொக்டரிடம் கேட்டோம். விழாமல் செய்யுங்கோ என்றார். கதிரையின் முதுகைப் பிடித்து, குனிந்து, தள்ளினேன். சீமெந்துத் தரையில் கதிரைக்கால்கள் கிறீச்சிட்டன. நான் அதன் பின்னால் போனேன். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் தூரம் கூட. வேலை முடிந்து வந்த யோசேப்பு, பையோடு வாசலில் நின்று பார்த்துவிட்டு, அடுத்த நாள் பழைய ரப்பர்க் குழாயை வெட்டிக்கொண்டுவந்து கதிரைக் கால்களுக்கு மாட்டிவிட்டார். சத்தம் நின்றது, பக்கத்து வாட்டுக்காரர்களும் நிம்மதியாகப் படுத்தார்கள்.

ஒரு நாள் மரைக்காவின் மாவுக்கட்டை வெட்டினார்கள். படம் எடுக்கக் கூட்டிப்போனார்கள். திரும்பி வரும்போது கறுத்த படத்தை வெயிலுக்கு நேரே பிடித்துக்கொண்டே வந்தாள். எலும்பு நேராக ஒட்டியிருந்தது, ஒட்டிய இடம் மாத்திரம் சிறு கணுவாகத் தடித்திருந்தது. உம்மா அந்தப் படத்தை வாங்கி எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்தா. "கரும்புக் கணுமாதிரி இரிக்கி. அந்த இடந்தான் இனிக் கெட்டி," என்றா. நான் மொழிபெயர்த்தேன். மரைக்கா உம்மாவைக் கட்டிப்பிடித்து நெற்றியில் முத்தமிட்டாள்.

அந்தக் கிழமையே கப்பலின் எஞ்சினும் திருந்திவிட்டது. அவள் போவதற்கு முதல்நாள் பின்னேரம் எங்கள் ஓட்டப்போட்டி நடந்தது. யார் முதலில் சொன்னதென்று தெரியாது. எங்கள் வாட்டைச் சேர்ந்த விறாந்தை, நடுமுற்றத்தைச் சுற்றி நான்கு பக்கமும் போகும், ஓடுபாதை அதுதான். மூலைத் தூண்களில் அட்டெண்டன்மார் தலையணை கட்டினார்கள். மிஸ்ஸி, "டொக்டர் வந்தாரெண்டால் நான் இஞ்ச இல்லை," என்று சொல்லிவிட்டு விசிலை மாத்திரம் கடன் வாங்கி வந்தா. மரைக்கா இரண்டு ஊன்றுகோலில். நான் கதிரையோடு. மூன்றாவது ஆள் வேண்டுமென்று உம்மாவை எழுப்பினோம். புண் ஆறி, கைத்தடி ஊன்றி நடந்துகொண்டிருந்தா.

விசில் ஊதியது. மரைக்கா என்றால் மரைக்காதான்: முதல் மூலையிலேயே என்னையும் தூணையும் உரசிக்கொண்டு உள்பக்கத்தால் நுழைந்து முன்னே போனாள். "கள்ளி!" என்று கத்தினேன். இரண்டாம் மூலையில் அவளை எட்டிப்பிடித்தேன். மூன்றாம் மூலையில் என் கதிரை தூணில் முட்டித் தலையணையில் சிக்கிக்கொண்டது. இழுத்தேன், வரவில்லை. மரைக்கா முந்திப்போவதைக் கண்டேன். கதிரையை விட்டுவிட்டுப் போனேன்.

சுவரைத் தடவிக்கொண்டு, குனிந்து, மடித்த முழங்காலோடு போனேன். யோசேப்பு முடிவிடத்தில் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றார். சிரித்துக்கொண்டிருந்தவருடைய முகம் அப்படியே மாறியதைப் பார்த்துத்தான் என் கையில் ஒன்றுமில்லை என்பது எனக்கு உறைத்தது. மரைக்கா நின்றுவிட்டாள். ஊன்றுகோல்களைப் போட்டுவிட்டு ஒற்றைக்காலில் நின்று கத்தினாள், தன் மொழியில். நான் முடிவுக் கோட்டுக்கு இந்தப் பக்கமே, எதிரே ஓடிவந்த யோசேப்பின் நெஞ்சில் போய் விழுந்தேன்.

இந்தக் கூத்துக்குள் உம்மா கைத்தடியை ஊன்றி ஊன்றி, ஒருவரையும் பார்க்காமல், எங்களைக் கடந்துபோய் முடிவுக் கோட்டைத் தாண்டிவிட்டா. திரும்பி நின்று, "ஆரு வெண்ட?" என்று கேட்டா.

"உம்மாதான்," என்றார் டொக்டர். அவர் எப்போதிருந்தோ அங்கேதான் நின்றிருக்கிறார்.

மறுநாள் மரைக்கா போனாள். சில நாள் கழித்து உம்மாவும், அதற்குப் பிறகு நானும் வீட்டுக்குப் போனோம். மழைக்காலம் முடியும்போது நான் பஸ்ஸில் ஏறிக் கந்தோருக்குப் போகத் தொடங்கிவிட்டேன். விரல்களும் பழைய வேகத்துக்கு வந்தன.

அடுத்த வருடம் அதே கப்பல் துறைமுகத்துக்கு வந்தது. மரைக்கா வரவில்லை, அவள் கணவர் என்னைத் தேடிக் கந்தோருக்கு வந்து போட்டியின் கதை முழுவதையும் சொன்னார். அந்தச் சனிக்கிழமையே நான் கிண்ணியாவுக்குப் புறப்பட்டேன். யோசேப்புக்கு வேலை இருந்தது, தனியாகத்தான் போனேன். ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிக் கடலைக் கடக்கும் மிதவையைப் பாதை என்போம். பாதையில் கடந்து, துறையில் இறங்கி விசாரித்துக்கொண்டு போனேன். உம்மா வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்தா. என்னைக் கண்டதும் கையைக்கூடத் துடைக்காமல் எழும்பினா.

"மரைக்கா ஓடினாளா?"

"ஓடினவ உம்மா. இனி ஓட மாட்டாவாம், அதுதான் கடைசி."

"வெண்டாளா?"

"நாலாவது."

"எத்தின பேர் ஓடின?"

"கடைசி ஓட்டத்தில நாலு பேர்."

உம்மா கொஞ்சம் யோசித்தா. "அப்ப கடைசி."

"ஓம் உம்மா, கடைசி. மற்ற மூண்டு பேரும் சின்னப் பிள்ளையளாம்."

"உழுந்தாளா?"

"இல்லை. ஒரு மூலையிலயும் விழாமல் அந்தக் காலோட ஓடி முடிச்சவ. சனம் எழும்பி நிண்டு கைதட்டினதாம்."

"இஞ்ச கேட்டீங்களா!" என்று உம்மா வீட்டுக்குள் பார்த்துக் கத்தினா. "நம்மட மரைக்கா உழல்லயாம்!"

உள்ளேயிருந்து அவவின் கணவர், "அல்ஹம்துலில்லாஹ்!" என்றார்.

அப்போதுதான் உம்மா என் கால்களைப் பார்த்தா. முழங்கால்வரை செம்புழுதி.

"துறையில இரிந்து எதில வந்தீங்க?"

"நடந்து."

"அவ்வளவு தூரமும்?"

"ஓம்."

உம்மா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டா, மீன் செதிலோடேயே. பிறகு மறுபடியும் வீட்டுக்குள் திரும்பி, முன்னதைவிடப் பெரிதாகக் கத்தினா:

"இவளும் உழல்ல!"